ஹிஜ்ரத்திற்குப் பின்: முஹாஜிர்களின் மனச்சுமை

ஹிஜ்ரத் என்றதும் தவ்ர் குகையையும் ஸுராக்காவின் குதிரையையும் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். வந்து சேர்ந்தபின் அம்மக்கள் பட்ட பாட்டைச் சொல்வது குறைவு.

மதீனாவின் காற்றும் நீரும் மக்காவாசிகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் விழுந்தனர். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள், மக்காவின் புற்களையும் மஜன்னாவின் நீரையும் ஷாமா, தஃபீல் மலைகளையும் இனிக் காண்பேனா என்று குரலெடுத்து ஏங்கியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எந்த ஊர் அவரைச் சுடுமணலில் கிடத்தி வதைத்ததோ, அந்த ஊருக்காகவே ஏங்கினார்! நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. மதீனாவையும் மக்காவைப் போல், அல்லது அதனினும் மேலாக, எங்களுக்கு விருப்பமானதாக ஆக்குவாயாக என்று துஆச் செய்தார்கள்.

அன்ஸாரிகள் தங்கள் பேரீச்சந் தோட்டங்களைப் பங்கிட்டுத் தர முன்வந்தனர். நபி (ஸல்) அவர்கள் இசையவில்லை. முஹாஜிர்கள் தோட்ட வேலையில் உழைத்து, விளைச்சலில் பங்கு பெறுவது என முடிவாயிற்று. ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தும், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) கடைவீதிக்கு வழி கேட்டுப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கினார்கள். பெறுபவரின் கூச்சம் அறிந்த சமூகம் அது.

ஆயினும் உரசலே இல்லை என்று நாம் எண்ணிவிடலாகாது. பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட, இரு பக்கத்தாரும் தத்தம் கூட்டத்தாரைக் கூவி அழைத்தனர். இது அறியாமைக் காலத்து அழைப்பு, துர்நாற்றம் வீசுவது என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வந்தேறிகளை வெளியேற்றுவோம் என்று அப்துல்லாஹ் பின் உபை பேசியதும் அப்போதுதான்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட இலங்கையிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினருக்குப் புத்தளம் இடமளித்தது. ஆண்டுகள் நீண்டபோது தண்ணீரிலும் வேலையிலும் பள்ளிக்கூட இடங்களிலும் மனக்கசப்பு எழுந்தது. ‘அகதி’ எனும் சொல் அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் விடவில்லை. இரு தரப்பாரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்களே.

ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்கள், அன்ஸாரிகள் தந்திருந்த மரங்களைத் திருப்பிக் கொடுத்தனர். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் கொடுத்த மரங்கள், நபி (ஸல்) அவர்களைச் சிறு வயதில் பேணி வளர்த்த உம்மு ஐமன் (ரலி) அவர்களிடம் இருந்தன. கேட்கச் சென்ற அனஸின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, அல்லாஹ்வின் மீதாணையாகத் தரமாட்டேன் என்றார்கள் அவ்வம்மையார். நபி (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. அதற்கு ஈடாக இவ்வளவு தருகிறேன், இவ்வளவு தருகிறேன் எனக் கூட்டிக்கொண்டே போய், ஏறத்தாழப் பத்து மடங்கு தந்த பின்னரே அம்மரங்கள் கைமாறின.