அன்றும் இல்லையும்

சந்திரகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம்மவர், "இது கோவில் இல்லை, அரண்மனை" என்பர். இலக்கணப்படி "கோவில் அன்று" என்பதே முறை, பன்மையாயின் "அல்ல", ஆடவனுக்கு "அல்லன்", பலர்க்கு "அல்லர்". "இல்லை" இன்மைக்கே உரியது. ஆயின் 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர், அச்சொல்லை ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவென நன்னூலில் வகுத்தார். அந்த எளிமையே பேச்சு வழக்கில் மற்றவற்றை விழுங்கிற்று போலும்.

தெலுங்கரோ இன்றும் "அன்று" என்பதற்குக் "காது" என்றும், "இல்லை" என்பதற்கு "லேது" என்றும் பிரித்தே பேசுகின்றனர். காது, நம் "ஆகாது" என்பதன் உடன்பிறப்பு.

என் மகள் ஒருநாள் அங்கே, "இது கோவில் ஆகாது" என்றாள். தெலுங்கு வாடை என்று கடிந்துகொண்டேன். நாம் தொலைத்த வேறுபாட்டை அவள் தெருவிலிருந்து மீட்டு வந்திருந்தாள் என்பது, இரவில் நன்னூலைப் புரட்டியபோதுதான் விளங்கிற்று. அதற்குள் உறங்கிவிட்டாள்.