பிரம்பும் தோளும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றுலா வருவோர்க்கு அவை கண்கொள்ளாக் காட்சி. கல்லூரியில் இடம் கிடைத்து, கையில் பெட்டியோடு முதன்முறையாக மலையிறங்கும் வாழவந்தி நாட்டு இளைஞனுக்கோ, ஒவ்வொரு வளைவும் தான் அறிந்த உலகை ஒருபடி பின்னுக்குத் தள்ளுகிறது. மலையாளி என வழங்கப்பெறும் பழங்குடி மக்களுள் பல வீடுகளில் அவனே கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். அவனுக்கு முன்னே நடந்து, பள்ளம் எது மேடு எது என்று சொல்வோர் வீட்டில் இல்லை.

இந்நாட்டிலிருந்து படிப்பின்பொருட்டுத் தொலைவு சென்ற ஒரு சிறுவனை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. 1913-ஆம் ஆண்டில் ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்ற ஆங்கிலேய பாப்திஸ்து நற்செய்திப் பணியாளர் இருவர் மணம் முடித்து, இம்மலை மக்களிடையே வாழத் தொடங்கினர். மருத்துவமும் பள்ளியும் விவசாயமும் அவர்களுடைய பணிகளாயின. அவர்களுடைய மகன் பால் பிராண்டு இம்மலை மரங்களில் ஏறி விளையாடி வளர்ந்தவர். 1923-இல், ஒன்பது வயதில், கல்விக்காக அவர் இலண்டனில் உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். தந்தையின் கடிதங்களே அவருக்கு மலையைக் கொண்டுவந்தன. 1929-இல் ஜெசி பிராண்டு காய்ச்சலில் மறைந்தார். இறப்புச் செய்தி தந்தியில் விரைந்து வந்துவிட, அதற்கு முன் அவர் எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பலில் மெல்ல வந்துகொண்டிருந்தன. பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் இயங்கச் செய்து உலகப்புகழ் பெற்றவர் அந்தச் சிறுவரே. அன்பு மிகுந்த பெற்றோரும் தொலைவிலிருந்து கடிதந்தான் எழுத முடியும். அருகில் நின்று கைபிடித்து நடத்த வேறொருவர் வேண்டும் என்பதை அவருடைய இளமை நமக்குக் காட்டுகிறது.

கல்லூரியில் அந்த வேறொருவர் யார்? பேராசிரியரின் மேசை புதிய மாணவனுக்குத் தொலைவில் இருக்கிறது. அதே அச்சத்தோடு சென்ற ஆண்டோ, அதற்கு முந்திய ஆண்டோ வந்து சேர்ந்த மூத்த மாணவரே அவனுக்கு மிக அருகில் இருப்பவர். இவ்வுண்மையைத் தமிழகம் நெடுங்காலமாக அறியும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'சட்டாம்பிள்ளை' என்றொரு மாணவன் இருந்தான். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் பலர். ஆகவே மூத்தவன் இளையவனுக்கு மணலில் எழுத்தைக் காட்டினான், ஒப்பிக்கச் செய்தான், வராதவனை அழைத்துவந்தான்.

இம்முறை கடல் கடந்ததும் ஒரு வரலாறு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துக் குரு 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். உதவியாசிரியர்கள் மனம் ஒப்பவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார்; அவன் செம்மையாகச் செய்து காட்டினான். 1797-இல் பெல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கை இதனைப் பரப்பியது. 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரவர் இவ்வழியே எழுத்தறிந்தனர். ஸ்காத்லாந்தின் புனித அந்திரேயா நகரில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயருடைய பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

ஆயினும் பெருமையோடு நின்றுவிடலாகாது. சட்டாம்பிள்ளையின் கையில் எழுத்து மட்டும் இருக்கவில்லை, பிரம்பும் இருந்தது. ஆசிரியர் இல்லாத வேளையில் அவனே ஆசிரியன். அவனுக்குத் தின்பண்டம் கொடுத்து அடியிலிருந்து தப்பிய பிள்ளைகள் உண்டு. கொடுக்க ஒன்றுமில்லாத ஏழைப் பிள்ளையின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓராண்டு மூத்தவன் என்ற தகுதி, தாங்கும் தோளாகவும் ஆகலாம், அடிக்கும் பிரம்பாகவும் ஆகலாம்.

தோளாக நின்ற ஒருவரை நம் இலக்கிய வரலாற்றிலேயே காண்கிறோம். 1871-இல் பதினாறு வயது இளைஞர் ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க மாயூரம் வந்து சேர்ந்தார். அவரே பின்னாளில் தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பெற்ற உ. வே. சாமிநாதையர். புதியவருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை மகாவித்துவான் தம்மிடம் பல்லாண்டு பயின்ற மூத்த மாணாக்கரிடம் தந்தார். அவர் சவேரிநாத பிள்ளை, கிறித்தவர். சைவப் பெரும்புலவரின் இல்லத்தில், வைதிக அந்தணர் வீட்டுப் பிள்ளைக்குக் கிறித்தவர் ஒருவர் தமிழ்ப்பாடம் சொன்னார் என்பதே எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் இளையவருக்கு நிறைவு உண்டாகவில்லை. ஆசிரியரிடமே நேராகப் பாடம் கேட்க வேண்டும் என்று அவர் மனம் ஏங்கியது. மகாவித்துவான் தம் தோட்டத்து மரங்களின் புதுத்தளிர்களைக் காண்பதில் பெருவிருப்பம் உடையவர். அதை அறிந்த சாமிநாதர், விடியற்காலையில் தளிர்களைத் தேடிக் கண்டு அவருக்குக் காட்டி, அந்த நெருக்கத்தில் தம் விருப்பத்தை வெளியிட்டு, அவரிடமே பாடம் கேட்கும் பேறு பெற்றார். தாம் பாடம் சொன்ன இளையவர் தம்மைக் கடந்து ஆசிரியரின் அருகே சென்று அமர்ந்த பின்னும், சவேரிநாதர் அதே இல்லத்தில், அதே ஆசிரியரின் பணியில் நிலைத்திருந்தார்.

1876 பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் மறைந்தார். இறுதி வேளையில் அவருடைய உடலைத் தம்மீது சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாதர். அருகிலிருந்து திருவாசகம் வாசித்தவர் சாமிநாதர். மூத்தவரும் இளையவரும் ஒரே துயரில் ஒன்றாய் நின்ற காட்சி அது. சாமிநாதையர் தம் முதிய வயதில் எழுதிய 'என் சரித்திர'த்தில் சவேரிநாதரை மறவாமல் பதிவு செய்திருப்பதால் நாம் இன்று இவற்றை அறிகிறோம்.

இத்தகைய மரபுடைய தமிழகத்தில்தான் 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் கொடுமைக்கு ஆளாகி, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. அவ்விதிகளில் பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்டு ஒவ்வொரு நிறுவனமும் வழிகாட்டிக் குழு அமைக்க வேண்டும். ஆறு புதிய மாணவர்க்கு ஒரு மூத்தவர். அத்தகைய மூத்தவர் அறுவர்க்கு அவரினும் மூத்தவர் ஒருவர். பிரம்பைப் பறித்தது போதாது, தோளும் வேண்டும் என்று விதியே உணர்ந்திருக்கிறது. ஆயினும் 'முன்வரும்' என்ற அந்தச் சொல்லைச் சட்டத்தால் நிறைவேற்ற முடியுமோ? அது மனத்திலிருந்து வர வேண்டியதன்றோ?

மலையிறங்கி வரும் மாணவனுக்குத் தேவைப்படுபவை பெரிய அறிவுரைகள் அல்ல. உதவித்தொகை விண்ணப்பத்தோடு சாதிச் சான்றும் வருமானச் சான்றும் எந்த நாளுக்குள் தர வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு விளங்காதபோது எந்த நூலைத் தமிழில் படிக்கலாம். விடுதி உணவு ஒவ்வாதபோது யாரிடம் சொல்லலாம். தன் மலைப்பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிக்கும்போது எப்படித் தலைநிமிர்ந்து பேசலாம் என்பனவே அவனுக்கு வேண்டும். இவற்றைச் சொல்ல முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை. சென்ற ஆண்டு தானும் தவித்த ஒருவன் போதும். முதல் தேர்வில் தோற்றவுடன் ஊர்ப் பேருந்தில் ஏறிவிட நினைக்கும் மாணவனை, 'இன்னும் ஒரு பருவம் பார்' என்று நிறுத்தி வைப்பவனும் அவனே. அச்சொல்லைச் சொல்ல ஆளில்லாமற்போனால், ஒரு குடும்பத்தின் முதல் பட்டம் முதலாண்டிலேயே முடிந்துவிடக்கூடும்.

நம் இல்லங்களிலும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். 'எத்தனை மதிப்பெண்?' என்று அவர்களிடம் தவறாமல் கேட்கிறோம். 'இவ்வாண்டு வந்த புதியவர்களுள் யாருக்கு வழி சொன்னாய்?' என்றும் கேட்டுப் பழகுவோமாக. அவர்களால் தாங்கப்பெற்ற இளையவர் நாளை அவர்களைக் கடந்து உயரக்கூடும். அவ்வுயர்வில் அவர்களுடைய பெயர் எழுதப்படாமலும் போகலாம். சவேரிநாத பிள்ளையின் பெயரை அறிந்தோர் இன்று சிலரே. அவரிடம் முதற்பாடம் கேட்ட இளைஞரோ, அழியவிருந்த ஏடுகளிலிருந்து சங்கத் தமிழை மீட்டு நமக்குத் தந்தார்.