பீப்பாய் வண்டி போன தடம்

பெங்களூரில் இன்று யூ.பி. சிட்டி உயர்ந்து நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் பீர் ஆலை இயங்கியது. அந்தச் சாலைக்கு அப்போது கிராண்ட் ரோடு என்று பெயர். மறைந்த அவ்வாலையை எண்ணி ஏங்குவோர் அதனை 'நம் ஊர் ஆலை' என்பர். வரலாறு அவ்வளவு எளிதன்று.

1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். 1857இல் நீலகிரியில் தோன்றிய காசில் புரூவரியும் 1885இல் தோன்றிய பெங்களூர் புரூயிங் கம்பெனியும் அவற்றுள் அடங்கும். உள்ளூர் ஆலைகள் தம் தனித்தன்மையை முதலில் இழந்தது அந்த இணைப்பில்தான். பிரித்தானியப் படையினருக்கான பீர் பெரும் பீப்பாய்களில் மாட்டுவண்டி ஏறிச் சென்றது.

அப்படைக்காக 1809இல் அமைந்த கண்டோன்மெண்டே சென்னை மாகாணத் தமிழரையும் இங்குக் கொணர்ந்தது. அதன் வடகிழக்கு விளிம்பை ஒட்டிய லிங்கராஜபுரத்தில் இன்றும் ஒலிக்கும் தமிழ் அக்குடியேற்றத்தின் நீட்சி. ஆலைக்கும் அக்குடியிருப்புக்கும் மூலம் ஒன்றே: படைமுகாம்.

1947இல் விட்டல் மல்லையா நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். பின்னாளில் சாலையும் அவர் பெயர் பெற்றது. 2021இல் நிறுவனம் ஹைனகன் வசமாயிற்று. பீப்பாய் உருட்டியவர், வண்டி ஓட்டியவர் பெயரோ எந்தச் சாலைக்கும் இடப்படவில்லை. ஏக்கம் வரலாறாக வேண்டுமெனில், தேடல் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.