காய்ச்சல் ரொட்டியும் பஃபே வரிசையும்

வேலை விஷயமாக மணிலா போன மகள், தங்கியிருந்த ஓட்டலின் காலைச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பூண்டு போட்டு வதக்கிய சோறு, பொரித்த முட்டை, கருவாடு. பக்கத்துக் கூடையில் சின்னச் சின்ன பன். அதன் பெயர் 'பான்டெசால்' என்றாள். முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த நாட்டை ஆண்ட ஸ்பானியர் விட்டுப்போன பெயர். உப்பு ரொட்டி என்று அர்த்தம். இலங்கைத் தமிழர் சொல்லும் 'பாண்', பம்பாய்க்காரரின் 'பாவ்' இரண்டும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

நம் திண்டுக்கல் பக்கம் அந்தக் காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். நல்ல உடம்போடு கேட்டால், அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பேக்கரியில் நின்றபடியே பன்னும் டீயும் சாப்பிடும் பழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

ஓட்டல் சங்கதி வேறு. அங்கே பசியும் காசும் மட்டும் இருந்தால் போதாது. தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். அது 1941-இல்தான் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 15-ஆவது பிரிவில் உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுத்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்தது. அதற்குப் பிறகும் 'பிராமணாள்' என்ற பலகை பல ஊர்களில் தொங்கியது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் மறியல் தொடங்கினார். அது பல மாதம் நடந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளையோ அதற்கப்புறமும் வெகுநாள் இருந்தது.

எங்கள் ஐயா வெங்காய மூட்டையோடு திண்டுக்கல் சந்தைக்கு வருவார். இளவயதில் ஓர் ஓட்டலில் பின்பக்கமாக இட்லிப் பொட்டலம் வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து தின்றதாகச் சொல்வார். எனக்கு ஏழெட்டு வயதில் என்னை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். உட்காரும் முன்பே காசைக் கொடுத்துவிட்டார். பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுத்தானே காசு கொடுப்பார்கள் என்று கேட்டேன். "முதல்லயே குடுத்துட்டா யாரும் எழுப்ப மாட்டாங்கப்பா" என்றார். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காக நம் ஊர் ஓட்டலிலேயே தங்கினேன். காலையில் பஃபே. பொங்கல் பாத்திரத்தில் இருந்த கரண்டியை எனக்கு முன்னால் நின்றவர் எடுத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கம் நீட்டினார். அவர் யாரோ, நான் யாரோ. இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தட்டோடு போய், நடு மேஜையில் உட்கார்ந்தேன்.