விதியின் வாயிலிருந்து மீட்டவர்கள்

சுரங்கத்திலே நூறு பேர் மாண்டனர் என்றால், "அவர்கள் தலையெழுத்து" என்றனர் சிலர். "ஆண்டவன் சோதனை" என்றனர் வேறு சிலர். கரியை வெட்டியவன் கருகிச் செத்தான்; கரியை விற்றவன் கணக்குப் பார்த்தான். இருவருக்குமிடையே நின்று, "ஏன் செத்தான்?" என்று கேட்க ஆளில்லாத காலம் நெடுங்காலம். அந்தக் கேள்வி பிறந்து வளர்ந்த கதைதான், தோழர்களே, நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பின் வரலாறு.

1812, மே 25. இங்கிலாந்தின் வடபுலத்திலே ஃபெல்லிங் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டனர். அவர்களிலே சிறுவர் பலர். இறந்தோரை அடக்கம் செய்த பாதிரியார் ஜான் ஹாட்சன், செபத்தோடு நின்றுவிடவில்லை. மாண்டவர் பெயர்களையும் சுரங்கத்தின் அமைப்பையும் அச்சிட்டு ஊரறியச் செய்தார். மதகுரு ஒருவரே, வானத்தை நோக்கிக் கையேந்துவதோடு நில்லாமல், மண்ணுக்கடியிலே காரணம் தேடினார்! 1813 இல் சண்டர்லாந்து நகரிலே சுரங்க விபத்துத் தடுப்புக்கெனக் கழகம் அமைந்தது. அதன் வேண்டுகோளை ஏற்று ஆராய்ந்த விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, 1815 இல் காப்பு விளக்கைக் கண்டார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை. வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். வெளியே உள்ள வெடிவாயுவைச் சுடர் தீண்டாது. எளிய உண்மை, எத்தனையோ உயிர்களின் காவல்!

அதே ஆண்டிலே, கில்லிங்வொர்த் சுரங்கத்தின் இயந்திரத் தொழிலாளி ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தன் முயற்சியால் ஒரு காப்பு விளக்கை உருவாக்கினார். பதினெட்டு வயது வரை எழுதப் படிக்க அறியாதவர் அவர். "படிக்காதவனுக்கு இது எப்படித் தோன்றும்? திருடியிருப்பான்!" என்று பழித்தது மேட்டுக்குடி. அறிவு பிறப்போடு வருவது என்போர் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

ஆனால் விளக்கு வந்ததும் விபத்து ஒழிந்ததா? இல்லை. "விளக்குதான் இருக்கிறதே!" என்று, முன்பு அஞ்சி விட்டிருந்த வாயு மிகுந்த ஆழங்களுக்கும் ஆட்களை அனுப்பினர் முதலாளிகள். அறிவு தந்த காவலை ஆசை தின்றது. கருவி மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்ற பாடத்தைக் கற்பித்தவை பிணங்களே.

1862, ஜனவரி 16. ஹார்ட்லி சுரங்கத்துக்கு ஏறவும் இறங்கவும் ஒரே குழி. நீரிறைக்கும் இயந்திரத்தின் இரும்பு உத்திரம் ஒடிந்து, 20 டன்னுக்கு மேற்பட்ட பகுதி அந்தக் குழியிலே விழுந்து வழியை அடைத்தது. மேலே நின்றோர் இரவும் பகலும் இடிபாட்டை அகற்றினர். ஆறு நாட்களுக்குப் பின் வழி திறந்தபோது உள்ளே உயிர் இல்லை, நச்சுவாயு முந்திக்கொண்டது. மொத்தம் 204 பேர். இறுதி நேரத்திலே அவர்கள் கூடி வழிபட்டதாகக் குறிப்பொன்று கிடைத்தது. அந்தத் துயரத்தை நாம் ஏளனம் செய்யோம். ஆனால் கேட்போம்: அவர்களுக்குத் தேவைப்பட்டது என்ன? இரண்டாவது குழி! அதே 1862 இல், சுரங்கத்துக்கு இரண்டு வழி கட்டாயம் என்று சட்டம் பிறந்தது. வழிபாடு திறக்காத வழியைச் சட்டம் திறந்தது.

1906, மார்ச் 10. பிரான்சின் கூரியேர் சுரங்கத்திலே கரித்தூள் வெடித்து 1,099 பேர் மாண்டனர். மூச்சுக்கருவியுடன் பயின்ற மீட்புப் படை அங்கே இல்லை. படை வந்தது ஜெர்மனியிலிருந்து! 1870 போரின் பகை ஆறாத காலம். எனினும் எல்லை தாண்டி வந்தனர் வெஸ்ட்ஃபாலியச் சுரங்கத் தோழர்கள். தேடல் கைவிடப்பட்டு, எல்லோரும் மாண்டனர் என்று கருதப்பட்ட நிலையிலே, இருபதாம் நாள் 13 பேர் தாமே வழி கண்டு உயிரோடு வெளிவந்தனர். "இன்னும் எத்தனை பேர் உயிரோடிருந்தனரோ!" என்று மக்கள் கொதித்தனர், வேலைநிறுத்தம் பரவியது. பிரிட்டனிலோ 1902 இலேயே டாங்கர்ஸ்லியில் மீட்பு நிலையம் தோன்றியிருந்தது. பின்னர் அத்தகைய ஏற்பாட்டைச் சட்டமே கட்டாயமாக்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். 1975, டிசம்பர் 27. சாஸ்னாலா சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1989, நவம்பர் 13. ராணிகஞ்சு வட்டாரத்தின் மகாவீர் சுரங்கத்திலும் வெள்ளம். 71 பேர் சிக்கினர், அறுவர் மூழ்கினர். எஞ்சிய 65 பேர்? தரையிலிருந்து அவர்கள் இருந்த இடம் நோக்கித் துளையிட்டனர். ஆள் நிற்குமளவு எஃகுக் கூண்டொன்றை உருவாக்கினர். ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்திலே 1955 இல் மூவரை மீட்ட முறை அது. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே அதிலே இறங்கினார். ஒருவர் பின் ஒருவராக 65 பேரும் மேலேறினர். மேலே வந்த கடைசி ஆள் கில்!

அவரை அவதாரம் என்று ஆக்கிவிடாதீர்கள், தோழர்களே! துளையிட்டவன் கணக்கும், கூண்டை வார்த்தவன் உழைப்பும், இறங்கியவன் துணிவும் சேர்ந்ததே அந்த மீட்பு. பூசையிட்டால் அந்தக் கலை நம்மோடு மடியும், பயின்றால் பரவும்.

மீட்புப் படை உயர்ந்தது. மீட்கவே தேவையில்லாத சுரங்கம் அதனினும் உயர்ந்தது. ஆகவே, எங்கேனும் ஒரு தொழிலாளி மாண்டான் என்ற செய்தி வரும்போது, "விதி" என்று எவரேனும் பெருமூச்சு விட்டால், மூன்று கேள்வி கேளுங்கள்: காற்றைச் சோதித்தது யார்? இரண்டாவது வழி எங்கே? மீட்புப் படை எத்தனை கல் தொலைவில்?

விடை சொல்ல வேண்டியவர்கள் வானத்தில் இல்லை. அலுவலக நாற்காலியிலே இருக்கிறார்கள்!