மனு எழுதும் கை யாருடையது?

மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் வரும். அதற்கும் அப்பால், கீழக்கரையைத் தாண்டி ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது தர்கா இருக்கும் ஊர். மதவேறுபாடு இல்லாமல் மக்கள் வந்து தங்கும் இடம் அது. ஆனால் நம் பேச்சுவழக்கில் அந்தப் பெயருக்கு வேறொரு பொருளும் ஏறிவிட்டது. எதிர்த்துப் பேசுகிற, அடங்க மறுக்கிற, காரணம் சொல்லாமல் அழுகிற பெண்ணைப் பார்த்து, "இவளை ஏர்வாடிக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்பார்கள். சென்னைப் பக்கத்தில் கீழ்ப்பாக்கத்தின் பெயரை அப்படிச் சொல்வதைப்போல.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அந்த மிரட்டலின் உண்மை முகத்தை நாடு பார்த்தது. தர்காவைச் சுற்றி நடந்துவந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றான பாதுஷா காப்பகத்தின் கூரைக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அன்றே 25 பேர் இறந்தார்கள். பின்னர் எண்ணிக்கை 28 ஆனது.

இந்தக் காப்பகங்கள் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. நோய் தீர்ந்துவிட்டது என்று கனவில் உத்தரவு வரும்வரை தர்காவில் தங்கியிருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. அது மாதங்களாகும், சில சமயம் வருடங்களாகும். உடனிருந்து பார்த்துக்கொள்ள முடியாத குடும்பங்கள் பணம் கட்டி, நோயாளியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போயின. அந்தத் தேவையே தொழிலானது. மருத்துவர் கிடையாது. உரிமமும் கிடையாது. மனநல மருத்துவமனைகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993லேயே நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டம் இருந்தும் கொட்டகைகளுக்குள் சென்று பார்க்க யாரும் இல்லை.

தீ விபத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ராமதாஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2007இல் காப்பக உரிமையாளருக்கும் அவருடைய மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றத்தில் இந்த வழக்கைத் தொடங்கிவைத்தது எந்தக் குடும்பத்தின் மனுவும் அல்ல. ஒரு நாளிதழ்ச் செய்தி. அதைப் பார்த்து நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2002 பிப்ரவரியில் பிறப்பித்த உத்தரவில், மாவட்டந்தோறும் இத்தகைய காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டும், உரிமம் இல்லாதவற்றை மூட வேண்டும், சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றது.

குடும்பம் ஏன் முதலில் வரவில்லை? ஏழ்மை, தூரம், எழுத்தறிவின்மை எல்லாம் காரணங்கள்தான். ஆனால் உள்ளே இருப்பவர் பெண்ணாக இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஆணுக்கு மனநோய் வந்தால் உடனிருந்து பார்ப்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. மனைவிக்கு வந்தால் கணவன் அவளைப் பிறந்த வீட்டில் விடுகிறான். அங்கே பெற்றோர் காலமான பிறகு அண்ணன் தம்பி வீட்டில் அவளுக்கு இடமில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமோ மனநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. இப்படிக் கைவிடப்பட்டுத் தெருவுக்கு வந்த பெண்களுக்காகத்தான் 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 'பேன்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள்.

பெண்ணுடல் என்றால் அடைப்பிடத்தின் கொடுமைக்கும் தனி வடிவம் உண்டு. 1994இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் அரசு அங்கீகாரம் பெற்ற இல்லத்திலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் புனே மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்க் காலத்தில் அவர்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வது சிரமம் என்பதே சொல்லப்பட்ட நியாயம். பெண்கள் இயக்கங்கள் தெருவில் இறங்கி அதை எதிர்த்தன. பராமரிப்பவரின் சௌகரியத்துக்காக ஒரு பெண்ணின் உறுப்பை எடுக்கலாமா என்ற கேள்வி அன்று பொதுவெளிக்கு வந்தது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இந்தப் போராட்டங்களின் தடம் இருக்கிறது. அதன் 95ஆம் பிரிவு எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும் தடைசெய்கிறது. 20ஆம் பிரிவு மாதவிடாய்க்குத் தேவையான பொருள்களைக் கேட்டுப் பெறும் உரிமையையும், கட்டாயமாகத் தலையை மொட்டையடிக்கக் கூடாது என்பதையும் எழுதிவைத்திருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு.

ஆனாலும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தபோது, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது. சங்கிலியிட்டார்கள், அடித்தார்கள், பாலியல் வன்முறை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. பெண்கள் வாக்குமூலம் அளித்தார்கள். வழக்கு குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. அந்தக் கதவைத் திறந்தது எது? அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் தாக்கலான ஆட்கொணர்வு மனு. அதைத் தாக்கல் செய்தவர் அவருடைய உறவினரின் நண்பர். ஒருவரைத் தேடிப் போன மனு, யாருமே தேடாதவர்களையும் வெளியே கொண்டுவந்தது.

ஏர்வாடியையும் குண்டலப்புலியூரையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: மனு எழுதும் கை இரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்கொணர்வு மனுவை, அடைபட்டவர் சார்பில் நண்பரும் தாக்கல் செய்யலாம். புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு அது மதுரைக் கிளையில். கட்டணம் கட்ட முடியாது என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறலாம். மனநோயுள்ளவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

வீட்டுக்குள்ளேயே மனநோயாளி ஒருவர் துன்புறுத்தப்படுவதாகவோ கவனிக்கப்படாமல் விடப்பட்டதாகவோ தெரிந்தால், காவல் நிலைய அதிகாரி அதை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அந்தத் தகவலைக் கொடுக்கலாம். பணம் கட்டிச் சேர்த்த முதியோர் இல்லம் சோறும் மருந்தும் சரியாகத் தரவில்லை என்றால், குற்ற வழக்கு ஒருபுறமிருக்க, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம்.

முதியோருக்கென்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மீமிசல்காரர்களுக்கு அது அறந்தாங்கி. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த தாய், பிள்ளை பார்க்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பொறுப்பில் இருப்பவர் முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உதவிக்கு 14567 என்ற எண்ணில் முதியோரும், 181இல் பெண்களும் அழைக்கலாம்.

இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் குடும்பத்தையே காவலாக வைத்து எழுதப்பட்டவை. நம்மைப் பொறுத்தவரை குடும்பம் பல நேரங்களில் மனுதாரர். சில நேரங்களில் எதிர்மனுதாரர். அத்தையோ சித்தியோ எங்கேயோ ஓர் இல்லத்தில் "நல்லா இருக்கா" என்று வீட்டில் சொன்னால், எந்த இல்லம், எந்த ஊர், அதற்குப் பதிவு இருக்கிறதா, கடைசியாக யார் போய்ப் பார்த்தது என்று நாம் கேட்க வேண்டும். பார்க்க விடமாட்டோம் என்று வாசலில் சொன்னால் அதையே மனுவின் முதல் வரியாக எழுதலாம்.