கைநாட்டும் அரசாங்க முத்திரையும்

எங்க அப்பாயி சாகிற வரைக்கும் ஊருக்கு மேற்கே கையைக் காட்டிச் சொல்லும்: "அந்தா தெரியுது பாரு, அது நம்ம நெலம்டா." அந்த நிலத்தில் நாங்கள் கூலிக்குப் பருத்தி எடுத்திருக்கிறோம். சொந்தமாக ஒருநாளும் உழுததில்லை. கல்யாணக் கடனுக்குத் தாத்தா வைத்த கைநாட்டு கிரயப் பத்திரமாகிவிட்டது. அதைப் பதிவு செய்தது அரசாங்க ஆபீஸ். நிலத்தைக் கொடுத்ததும் அதே அரசாங்கம்தான்.

எங்கள் சனங்கள் இதை டி.சி. நிலம், கண்டிசன் பட்டா என்பார்கள். நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்கீர், குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லாமல் பறையர்கள் பண்ணையடிமைகளாகக் கிடந்ததை 1891ல் அறிக்கையாக எழுதினார். 1892ல் சென்னை மாகாண அரசு ஆணை போட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நிபந்தனை தெளிவானது. 10 வருசம் விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் கிரயம் செல்லாது. நட்டஈடு இல்லாமல் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எப்படிக் கைமாறியது? பத்திரம் பதிந்தவர்கள் நிபந்தனையைப் பார்க்கவில்லை. கிராமக் கணக்கு எழுதினவர்கள் பார்த்தும் பேசவில்லை. 1980களில் யு.டி.ஆர். என்று பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயரிலேயே பட்டா ஏறியது. பழைய பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதியதில் இல்லை. செல்லாத கிரயம் இப்படித்தான் செல்லுபடியானது.

பழைய நம்பரைச் சொல்லிக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போனேன். "இந்த நம்பரே இப்ப கெடையாதேப்பா" என்றார் எழுத்தர். நிலம் இருக்கிறது, பருத்தி வெடித்து நிற்கிறது. நம்பர் மட்டும் செத்துப்போச்சு.

நிலத்தைத் திருப்பித் தருவது ஆகாத காரியமா? எங்கள் அரியலூர் மாவட்டத்தையே பாருங்கள். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களின் பிற்பகுதியில் டிட்கோ மூலம் நிலம் எடுத்தார்கள். திட்டம் நடக்கவில்லை. விவசாயிகள் விடாமல் போராடினார்கள். கால் நூற்றாண்டு கழித்து நிலத்தை உடையவர்களுக்கே திருப்பித்தர அரசு முடிவெடுத்தது. அது நியாயம், நமக்கும் சந்தோசம்தான். ஆனால் பட்டா உள்ளவனுக்குத் திறக்கிற கதவு, பட்டாவைப் பறிகொடுத்தவனுக்கு ஏன் திறப்பதில்லை? அந்தக் காடுகளில் களை வெட்டிக் கஞ்சி குடித்த கூலிச்சனம் எந்தக் கணக்கில் வருகிறது?

நாமும் கேட்டோம். காரணையில் கேட்டோம். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஒருவனுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிற அரசாங்கம், இன்னொருவனுக்குத் தோட்டாவைக் கொடுத்தது.

கைநாட்டு வைத்தவரின் பேரன் நான், கையெழுத்துப் போடுகிறேன். 2005லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பழைய நம்பரையும் புது நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் கை எந்தப் பக்கம் நீளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.